24 பிள்ளைகள், ஒரு பலகை: தொடக்கப் பள்ளியில் இணையக் கூட்டுவேலையைத் தொடங்குவது எப்படி?

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. என் வகுப்பு மூன்றாம் வகுப்பு, 24 பிள்ளைகள். கையில் இருப்பது ஒரு ஸ்மார்ட் போர்டு, அரசு கொடுத்த டேப்லெட் ஒன்று, திரையில் கீறல் விழுந்த பழைய போன் மூன்று, ஒரு மடிக்கணினி. இவ்வளவை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எல்லோரையும் ஒரே இணையப் பலகையில் சேர்ந்து எழுத வைக்க முடியுமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் போனைக் கையில் கொடுத்துத் தொடங்காதீர்கள்.

நான் அப்படித்தான் தொடங்கினேன். லிங்க்கைத் திறந்து கொடுத்து "எல்லாரும் எழுதுங்க" என்றேன். பத்து நிமிடத்தில் பலகை முழுக்க ஹாய் ஹாய் ஹாய், வரிசையாகச் சிரிப்பு முகங்கள், ஒருவன் படத்தின் மேல் இன்னொருவன் படம், கடைசி பெஞ்சில் அழுகை. பெல் அடித்தது என் நல்ல நேரம்.

அன்று சாயங்காலம் யோசித்தபோது புரிந்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் நோட்டு தெரியும், டீச்சருடைய கரும்பலகை தெரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய, யார் வேண்டுமானாலும் அழிக்கக்கூடிய ஒரு தாளை அது பார்த்ததே இல்லை. நாம் சொல்லித்தர வேண்டியது அந்தத் தாளில் எப்படி இருப்பது என்பதைத்தான். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்பதை நமக்கு முன்னால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் வாரம் தரையில்

ஒரு சார்ட் தாளைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி ஆறு பேரை உட்கார வையுங்கள். ஆளுக்கு ஒரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. "நம்ம ஊர்ல என்னென்ன மரம் இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். விதி எதுவும் சொல்ல வேண்டாம். சண்டை வரும், வரட்டும். யாராவது நடுவில் பெரிய ஆலமரம் வரைந்து மொத்த இடத்தையும் பிடித்துக்கொள்வார்கள். இன்னொருவர் எழுதிய 'புளியமரம்' மேல் யாராவது கோடு இழுப்பார்கள்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து, அடுத்த தடவை சண்டை வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். என் வகுப்பில் மூன்று விதி வந்தது. அடுத்தவர் எழுதியதன் மேல் எழுதக் கூடாது. திருத்த வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் திருத்த வேண்டும். இடம் இல்லை என்றால் சின்னதாக எழுத வேண்டும். இணையப் பலகை அதுபாட்டுக்கு நீண்டுகொண்டே போகும் என்பதால் மூன்றாவது விதிக்கு அங்கே வேலையே இல்லை. இருந்தாலும் நான் எடுக்கவில்லை. அது அவர்கள் போட்ட விதி, சுவரில் ஒட்டியாயிற்று.

இரண்டாவது பயிற்சி துண்டுத் தாளில். ஆளுக்கு ஒரு துண்டு, அதில் ஒரே ஒரு வாக்கியம், கீழே தன் அடையாளம். எழுதியதைச் சுவரில் ஒட்டிவிட்டு, வேறு இரண்டு பேர் எழுதியதை வாசித்துவிட்டு வர வேண்டும். இந்த இரண்டையும் ஒரு வாரம் செய்தால் போதும், பாதி வேலை முடிந்தது. தாளில் சேர்ந்து எழுதத் தெரியாத வகுப்பு திரையில் சேர்ந்து எழுதாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெயருக்குப் பதில் பறவை

அடையாளம் என்றேன் இல்லையா, அது பெயர் இல்லை. என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பறவை: மைனா, கொக்கு, மரங்கொத்தி, தவிட்டுக்குருவி, நாகணவாய்... (மைனாதான் நாகணவாய் என்று ஒரு பிள்ளையின் தாத்தா பள்ளிக்கே வந்து சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது தேன்சிட்டு.) எந்தப் பறவை யார் என்கிற பட்டியல் என் மேசை டிராயரில் நோட்டில் மட்டும் இருக்கிறது, இணையத்தில் எங்கேயும் இல்லை.

இது விளையாட்டுக்காகச் செய்தது இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனாலும் அந்த விலக்கை நம்பிப் பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் ஊரையும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெயர், முகம், வீட்டு முகவரி, போன் எண், பள்ளிச் சீருடையில் பள்ளிப் பெயர் தெரியும் படம் இவை எதுவும் பலகையில் ஏறக் கூடாது. படம் என்றால் பிள்ளை வரைந்தது, இலை, மரம், கை மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று.

தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெற்றோருக்கு ஐந்து வரிக் கடிதம் தமிழில் எழுதுங்கள்: என்ன கருவி, பிள்ளை என்ன செய்யும், பெயரும் முகமும் போகாது, யாரெல்லாம் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம். வாசிக்கத் தெரியாத பெற்றோர் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டி, ஸ்மார்ட் போர்டில் பலகையைத் திறந்தும் காட்டிவிடுங்கள். காட்டிய பிறகு எங்கள் ஊரில் யாரும் மறுக்கவில்லை. ஒரு அம்மா மட்டும், "போன்ல வேற ஒண்ணும் பாக்க மாட்டாளே டீச்சர்?" என்று கேட்டார். பிள்ளைகள் தொடுவது பள்ளிப் போனை, அதுவும் என் கண் முன்னால் என்றதும் கையெழுத்துப் போட்டார்.

கணக்கு விஷயம்: 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் தாங்களாகக் கூகுள் கணக்குத் தொடங்க முடியாது. பெற்றோர் ஃபேமிலி லிங்க் என்கிற கூகுள் செயலி வழியாகவோ, பள்ளி தன் கல்விக் கணக்கு வழியாகவோதான் கொடுக்க முடியும். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்குவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். வேண்டாம். பிள்ளைக்குக் கணக்கே இல்லாமல் வேலை நடக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதுதான் சுலபம்.

எந்தக் கருவி?

ஆளாளுக்கு இருபது பெயர் சொல்வார்கள். முதல் வருடத்துக்கு இரண்டு போதும்.

தொடக்கத்துக்குப் பேட்லெட், ஆளாளுக்குக் குறிப்பு ஒட்டக்கூடிய இணையப் பலகை. காரணம் ஒன்றே ஒன்று. 'எழுதலாம்' என்கிற அனுமதியில் உள்ளே வருபவர் தான் போட்ட குறிப்பை மட்டும்தான் மாற்ற முடியும், அடுத்தவருடையதைத் தொட முடியாது. பிள்ளைகளுக்கு உள்நுழைவு தேவையில்லை. லிங்க்கோ க்யூஆர் குறியோ இருந்தால் போன் பிரவுசரிலேயே திறக்கும். நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகுதான் குறிப்பு பலகையில் தெரிய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். கெட்ட வார்த்தை வடிகட்டி ஒன்றும் இருக்கும். அது நம் ஊர்த் தமிழ் வசவையெல்லாம் பிடிக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். பலகையை உறைய வைக்கும் வசதியும் உண்டு. அதைப் போட்டதும் யாராலும் எதையும் மாற்ற முடியாது. பெல் அடித்ததும் நான் செய்யும் முதல் வேலை அதுதான். இலவசக் கணக்கில் ஒரு சில பலகைகள்தான் கிடைக்கும். அதனால் ஒன்றை முடித்துப் பதிவிறக்கிவிட்டு, அழித்துவிட்டு, அடுத்ததைத் தொடங்குவது பழக்கமாக வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பிள்ளைக்குக் கணக்கு இல்லை என்பதால், யார் எழுதியது என்பதை அந்தக் கருவி போனை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. கொக்கு இருக்கும் குழு எழுதிய போனை மைனா இருக்கும் குழு வாங்கினால், கொக்கின் குறிப்பையும் மைனா திருத்தலாம். முடிந்தால் ஒரு போன் ஒரு குழுவுக்கு என்று அன்று முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கூகுள் ஸ்லைட்ஸ் (பக்கம் பக்கமாக எழுத, படம் வைக்க) அல்லது ஷீட்ஸ் (கட்டம் போட்ட அட்டவணை). இங்கே எல்லோரும் எல்லாவற்றையும் மாற்றலாம், அதனால் இரண்டாம் பருவத்துக்கு. போன் பிரவுசரில் இதைத் திருத்துவது பெரும்பாடு, செயலியைத் திற என்று தள்ளிவிடும், செயலி கணக்குக் கேட்கும். மடிக்கணினி, மேசைக் கணினி, அல்லது உங்கள் கணக்கு உள்ள டேப்லெட்தான் சரி. பக்கத்து நடுநிலைப் பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் (கணினி அறை) இருந்தால் மாதம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

கேன்வா என்கிற வடிவமைப்புத் தளம் ஆசிரியர்களுக்குக் கல்விக் கணக்கை இலவசமாகத் தருகிறது, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகள் அரை மணி நேரம் எழுத்தின் நிறத்தையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஒத்துவரவில்லை.

விரல், குரல், கண்

முதல் இணைய வகுப்பை 25 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். நான்கு சாதனம் என்றால் நான்கு குழுதான் ஒரு நேரத்தில். குழுவுக்கு மூன்று பேர். மீதிப் பன்னிரண்டு பேர் அதே கேள்விக்குத் தாளில் படம் வரைந்துகொண்டிருப்பார்கள், பிறகு மாறிக்கொள்ளலாம். மூன்று பேருக்கு மேல் ஒரு போனைச் சுற்றி நின்றால் நாலாவது ஆள் ஜன்னலைப் பார்க்கும்.

மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் விரல்: அவர் மட்டும்தான் திரையைத் தொடலாம். ஒருவர் குரல்: என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்வார். ஒருவர் கண்: எழுத்துப் பிழை, வேறு இடத்தில் கை படுகிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேலை மாற வேண்டும். முதல் நாள் 'கண்' வேலை யாருக்கும் பிடிக்காது. அப்புறம் 'கண்' மட்டும்தான் 'நிறுத்து' என்று சொல்லலாம் என்று ஒரு அதிகாரம் கொடுத்தேன். இப்போது அதற்குத்தான் போட்டி.

கேள்வி ஒன்றே ஒன்றாக, ஒரு வாக்கியத்தில் பதில் முடிவதாக இருக்கட்டும். 'உன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மரம் எது? அதை யார் பயன்படுத்துகிறார்கள்?' இப்படி. 'மரங்களைப் பற்றி எழுதுக' என்றால் பாடப் புத்தக வரியை நாலு குழுவும் அப்படியே எழுதும். நல்ல கேள்வி போட்ட அன்று வந்த ஒரு பதில்: 'எங்க வீட்டு வேம்புல ஆட்டுக்குத் தழை, அம்மாவுக்கு நிழல், எனக்கு ஊஞ்சல்.' அனுமதி கொடுக்க ஒரு நொடி யோசிக்கவில்லை.

நெட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, மின்சாரமும் அப்படியே. பதிலைத் தாளில் எழுதிய பிறகுதான் போனைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், போனாலும் வகுப்பு நிற்காது. தாளைப் படம் பிடித்துச் சாயங்காலம் நீங்களே ஏற்றிவிடலாம்.

கொம்பு எங்கே போச்சு?

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பிள்ளைகள் கையால் 'கெ' எழுதும்போது முதலில் கொம்பு போடுவார்கள், பிறகு க. ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். போனில் முதலில் க, அதற்குப் பிறகுதான் கொம்பு. கொம்பைத் தேடி முதலில் தட்டும் பிள்ளைக்குப் புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பு தனியாக நிற்கும், இல்லையென்றால் அது முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். 'கொக்கு' எழுத என் கொக்குக் குழுவே முதல் நாள் ஆறு நிமிடம் எடுத்தது. 'கொ'வை அழிக்கப் போனால் கொம்பும் காலும் போய், க மட்டும் நின்றது. "டீச்சர், ரெண்டு பக்கமும் போயிட்டு, நடுவுல உள்ளது மட்டும் நிக்கு!"

இதைக் குறையாக நினைக்காமல் ஒரு பாடமாகவே எடுத்துவிட்டேன். வாயால் சொல்லும்போது என்ன வருகிறது? க் என்ற மெய், அப்புறம் எ என்ற உயிர். போன் நம் வாயைப் போல நினைக்கிறது, கை நம் கண்ணைப் போல எழுதுகிறது. கரும்பலகையில் கெ, கே, கை, கொ, கோ, கௌ எழுதி, ஒவ்வொன்றையும் போனில் எந்த வரிசையில் தட்டுவது என்று விரலால் காற்றில் தட்டிப் பார்த்தோம். உயிர்மெய் இவ்வளவு தெளிவாக எந்த வருடமும் என் வகுப்புக்குப் புரிந்ததில்லை.

ஜிபோர்டில் (கூகுளின் போன் விசைப்பலகை) தமிழைச் சேர்க்கும்போது கையெழுத்து விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரலால் திரையில் 'கொ' என்று எழுதினால் அதுவே எழுத்தாக மாற்றிவிடும். கொம்பு முதலில் வந்தாலும் கோபித்துக்கொள்ளாது. இரண்டாம் வகுப்புக்கு இதுதான் நல்லது. குரலால் எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் 24 பேர் இருக்கும் அறையில் அது நாலு பேர் பேச்சைக் கலந்து எழுதும். வராந்தாவுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் என்னத்தையாவது எழுதி வைக்கும், புத்தகத் தமிழில் நிறுத்திச் சொன்னால் சரியாக வரும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினால்தான் போனுக்குக் காது கேட்கும் என்று ஒருவன் எனக்கு விளக்கம் சொன்னான்.

ஒன்றாம் வகுப்புக்குத் தட்டச்சே வேண்டாம். வரைந்ததைப் படம் பிடித்துப் போடலாம், அதைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசிக் குரலைப் பதியலாம். எழுத இன்னும் தடுமாறும் பிள்ளைதான் பல நேரம் நன்றாகப் பேசும்.

அழிந்துபோனால்

அழியும். ஸ்லைட்ஸுக்குப் போன முதல் வாரத்திலேயே அழிந்தது. குழுவுக்கு ஒரு பக்கம், மூலையில் அந்தக் குழுவின் பறவைப் படம், பின்னணியை நகர்த்த முடியாதபடி பின்னணிப் படமாகவே வைத்திருந்தேன். (இதை நீங்களும் செய்யுங்கள், கட்டங்களையும் கோடுகளையும் பக்கத்தின் மேல் வைத்தால் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.) எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு குரல்: "டீச்சர், எங்க பக்கத்தையே யாரோ தூக்கிட்டாவ!"

ஐந்து பக்கம் இருந்த இடத்தில் ஒன்று. ஒருவன் தன் பக்கத்தில் எதையோ அழிக்கப் போய், இடது ஓரத்தில் இருந்த பக்க வரிசையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அழிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். முகம் வெளுத்துப் போய்விட்டது.

இந்த நேரத்தில் யார் செய்தது என்று கேட்காதீர்கள். நான் ஸ்மார்ட் போர்டில் கோப்பு மெனுவைத் திறந்து, பதிப்பு வரலாறு என்பதைத் தட்டி, பத்து நிமிடத்துக்கு முந்தைய பதிப்பை எல்லோர் கண் முன்னாலும் திருப்பிக் கொண்டுவந்தேன். வகுப்பே கைதட்டியது. அன்றிலிருந்து அழித்துவிட்டால் மறைக்காமல் வந்து சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய லாபம். மடிக்கணினியில் கடைசியாகச் செய்ததைத் திருப்பும் கண்ட்ரோல் இசட்டை எப்படி அழுத்துவது என்பதையும் 'கண்' வேலை பார்ப்பவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய பதிப்பைத் திருப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பத்து நிமிடத்தில் மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்து போகும். முதலில் தற்போதைய நிலையை ஒரு நகல் எடுத்துக்கொண்டு பிறகு திருப்புவது பாதுகாப்பு.

இன்னொன்று, சிரிப்புதான். உள்நுழையாமல் லிங்க் வழியே வருபவர்களுக்குக் கூகுள் ஏதாவது ஒரு விலங்கின் பெயரையும் படத்தையும் மேலே காட்டும். "டீச்சர், ஒரு நரி உள்ள வந்திருக்கு!" என்று முதல் நாள் ஒரே களேபரம். அது பக்கத்து மேசைக் குழுதான் என்று புரியவைக்க ஒரு நாள் பிடித்தது. ஆனால் அந்த நரியை எண்ணப் பழக்குங்கள். மூன்று கணினி திறந்திருக்கும்போது நாலு விலங்கு தெரிந்தால், லிங்க் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே பகிர்வை மூடிவிட வேண்டும். அதனால்தான் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது என்கிறேன்.

'சூப்பர்' என்பதைத் தாண்டி

அடுத்தவர் எழுதியதைப் பற்றிக் கருத்து எழுதச் சொன்னால் 24 பேரும் 'சூப்பர்' என்று எழுதுவார்கள். இல்லையென்றால் 'எழுத்து நல்லா இல்ல'. இரண்டாலும் பிரயோசனமில்லை. முதல் மாதம் கருத்துப் பகுதியை மூடி வைத்துவிட்டு, சுவரில் ஒட்டிய துண்டுத் தாள்களில் பழக்கினேன். எதிலாவது ஒன்றில் தொடங்கினால் போதும்: 'எனக்குப் பிடித்தது...', 'எனக்குத் தெரியாமல் இருந்தது...', 'இது எப்படி...?' மூன்றாவதுதான் வேலை செய்யும். வேம்பு ஊஞ்சல் எழுதியவளிடம், 'ஊஞ்சல் கட்டுன கிளை முறியாதா?' என்று ஒருவன் கேட்டான். அவள் மறுநாள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து நாலு வாக்கியம் எழுதினாள். நான் சொல்லியிருந்தால் ஒன்று கூட எழுதியிருக்க மாட்டாள்.

கதை எழுதும் குழுக்களுக்கு ஒரு குறிப்பு: கூகுளில் தேடிய படத்தை எடுத்து ஒட்டப் பழக்காதீர்கள். பிள்ளை வரைந்ததே நல்லது. வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் படங்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. படம் வரைந்தவர் பெயரைக் கீழே போட வேண்டும் என்பதையும் அப்படியே சொல்லித்தந்துவிடலாம்.

நாளுக்கு ஒரு கட்டம்

சேர்ந்து எழுதுவது என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும் என்றில்லை. எங்கள் வகுப்பில் இதுவரை நன்றாக நடந்தது நாளுக்கு ஒரு பிள்ளை, ஒரே ஒரு கட்டம் நிரப்பும் வேலைதான். ஒரு டேப்லெட் இருந்தால் போதும்.

தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் என்னோடு படித்த தோழி ஆசிரியராக இருக்கிறாள். இரண்டு பள்ளிக்கும் ஒரு ஷீட். இடது பக்கம் தேதி, அடுத்த பத்தி எங்கள் மழை, அடுத்தது அவர்கள் மழை, மில்லிமீட்டரில். அவரவர் பத்தியைத் தவிர மற்றதைத் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டோம். மழைமானி வீட்டிலேயே செய்ததுதான். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனலாக வைக்க வேண்டும். அடியில் வளைவு முடியும் வரை கூழாங்கல் போட்டு, கல் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று குறித்து, அங்கிருந்து அளவுகோல் ஒட்ட வேண்டும். பாட்டில் மேலே கீழே ஒரே அகலம் என்பதால் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறியதோ அத்தனை மில்லிமீட்டர் மழை. வானிலைத் துறை காலை 8:30-க்கு அளக்கிறது. எங்களுக்குப் பிரேயருக்கு முன்னால், 9 மணி. அளந்ததும் மறுபடி பூஜ்யக் கோடு வரை கொட்டிவிட வேண்டும்.

ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் சாரல் காலம். எங்கள் பத்தியில் 4, 7, 3, 11 என்று வந்துகொண்டிருக்கும். அவர்கள் பத்தியில் 0, 0, 0. "அவுக ஊர்ல மழையே பெய்யாதா டீச்சர்?" என்று இரண்டாம் வாரம் கேள்வி வந்தது. நான் பதில் சொல்லாமல், அவர்களிடமே கேட்கச் சொன்னேன். ஷீட்டின் ஓரத்தில் குறிப்பாக எழுதினார்கள். 'எங்களுக்கு ஐப்பசில வரும். இப்ப உப்பு எடுக்காங்க' என்று அங்கிருந்து பதில். தென்மேற்குப் பருவக்காற்றையும் உப்பளத்தையும் இதைவிட நன்றாக நான் சேர்த்து நடத்தியிருக்க முடியாது. ஐப்பசி வந்ததும் பத்திகள் மாறத் தொடங்கின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததைச் சொன்னபோது, அது எத்தனை பாட்டில் உயரம் என்று அடுக்கிப் பார்த்தார்கள். மூன்று பாட்டில் அடுக்கியும் எட்டவில்லை.

இரண்டு விஷயம் பிள்ளைகளே கண்டுபிடித்தது. அளக்க மறந்த நாளில் ஒருவன் 0 போட்டுவிட்டான். மழை இல்லை என்பதும் அளக்கவில்லை என்பதும் ஒன்றா என்று பெரிய வாக்குவாதம். அளக்காத நாள் கட்டம் காலியாக இருக்க வேண்டும் என்று முடிவானது. அடுத்தது திங்கட்கிழமை: அன்று பாட்டிலில் இருப்பது சனி, ஞாயிறும் சேர்ந்த தண்ணீர். அதனால் திங்கட்கிழமைக் கட்டத்துக்கு மட்டும் மஞ்சள் நிறம். பெரிய அலுவலகங்களில்கூட இந்த இரண்டையும் கோட்டைவிடும் அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன்.

துணைப் பள்ளி பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், யாழ்ப்பாணத்துப் பள்ளியோடு ஒரே மணிக்கு எழுதலாம். கனடாவில் உள்ள தமிழ் வகுப்பு என்றால் நாம் எழுதும்போது அவர்கள் தூங்குவார்கள். நாளுக்கு ஒரு கட்டத்துக்கு அதுவும் தடையில்லை.

பருவம் முடியும்போது

பலகையை உறைய வையுங்கள். பிடிஎஃப் ஆகப் பதிவிறக்குங்கள், பென்டிரைவில் ஒன்று, பள்ளிக் கணினியில் ஒன்று. பகிர்வு லிங்க்கை மூடுங்கள். கடிதத்தில் சொன்ன தேதிக்கு இணையத்தில் உள்ளதை அழியுங்கள். கருவி எப்போதும் இருக்கும் என்று விட்டுவைக்காதீர்கள். கூகுளின் ஜாம்போர்டு பல ஆசிரியர்களுக்குப் பிடித்த பலகை, 2024 முடிவோடு அதை மூடிவிட்டார்கள். காணொளிப் பதில்களுக்குப் பேர்போன ஃப்ளிப்பும் அதே வருடம் தனித்தளமாக இல்லாமல் போனது.

அப்புறம் ஒரு பிரதி அச்செடுத்து, வகுப்புக்கு வெளியே வராந்தாவில், பிள்ளைகள் கண் உயரத்தில் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டிய அன்று சாயங்காலம் பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிசையாகப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்: "டீச்சர், எங்க பிள்ள எந்தக் குருவி?"

நான் சொல்லவில்லை. பேத்தியே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.